பண்டிகைக் கால ஓட்டமும் பூஜ்யமாகும் கவுண்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டரோ ஸ்மார்ட் போனோ வாங்கியவர்களில் பலர், முதல் மாதத்திலேயே செய்திடும் வேலை ஒன்று உண்டு. உடல் நலத்திற்கான அப்ளிகேஷன் புரோகிராம் ஒன்றை இறக்கிப் பதிந்து, "தினமும் ஓடுவேன்" என்று அதில் ஓர் இலக்கை அமைத்துவிடுவார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஐப்பசி பிறந்து, தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிளம்பும்போது ஓட்டம் தடுமாறத் தொடங்கும். அப்புறம் மழை, கார்த்திகை தீபம், ஐயப்பனுக்கு மாலை போடுதல், கிறிஸ்துமஸ் விடுமுறை, புத்தாண்டு, பொங்கல். தை பிறந்த பிறகு அந்த அப்ளிகேஷனைத் திறந்து பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

எனக்கும் இதுதான் நடந்தது. தவறு என் சோம்பேறித்தனத்தில் பாதி, அந்த அப்ளிகேஷனில் பாதி என்பது என் கருத்து. நான் ஒரு சாப்ட்வேர் என்ஜினியர். அப்ளிகேஷன்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பது ஓரளவு தெரிந்தவன் என்பதால், இரண்டாவது பாதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என் ஊர் சிலமலை. போடிநாயக்கனூரில் இருந்து தேவாரம் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வேலை சென்னையில். 2023 ஜூன் 24 அன்று ஓடத் தொடங்கினேன். என் போனில் இருந்த அப்ளிகேஷன், ஒரு நாள் கூட விடாமல் ஓடிய நாட்களை எண்ணிக் காட்டும். இதனை ஆங்கிலத்தில் ஸ்ட்ரீக் என்பார்கள். நவம்பர் 11 அன்று, தீபாவளிக்கு முந்தின நாள், அது 141 என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தவன் நான்.

மறுநாள் தங்கைக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். இலை போடுவது, கறி வாங்கி வருவது, பெரியப்பா வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவது என்று பொழுது போனதே தெரியவில்லை. இரவு 11:30 மணிக்குத்தான் ஓடவில்லை என்ற நினைவு வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். வெளியே தூறல். என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவின் மொபெட்டை மெதுவாக உருட்டி எடுத்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊர் எல்லை வரை மனிதன் ஓடும் வேகத்திலேயே ஓட்டிச் சென்று திரும்பினேன். ஜி.பி.எஸ். அதை ஓட்டம் என்று நம்பிவிட்டது. கவுண்டர் 142 ஆனது. வாழ்த்துச் செய்தியும் வந்தது!

திங்கட்கிழமை எழுந்தபோது ஓடும் ஆசை சுத்தமாகப் போய்விட்டிருந்தது. பொய்யாக வந்த 142-ஐக் காப்பாற்ற ஓடுவானேன் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை அப்ளிகேஷனைத் திறந்தால் அங்கே பெரிய பூஜ்யம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அழித்துவிட்டேன். அடுத்த மூன்று மாதங்கள் ஓடவே இல்லை. 2024 பிப்ரவரியில் அலுவலகத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.1 என வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். என் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. எனக்கு வயது இன்னும் முப்பது ஆகவில்லை.

இப்போது அந்தக் கவுண்டருக்கு வருவோம். அது எப்படி இயங்குகிறது? புரோகிராமில் ஓர் எண் வைத்திருப்பார்கள். இன்று ஓடினால் அந்த எண்ணுடன் 1 கூட்டு. நள்ளிரவு வரை ஓடாவிட்டால் அதனைப் பூஜ்யமாக்கு. அவ்வளவுதான். கல்லூரியில் முதல் ஆண்டு மாணவர் கூட எழுதிவிடுவார். அதில் நீங்கள் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு இடமே இல்லை. 141 நாள் ஓடி 1 நாள் விட்டவரும், அப்ளிகேஷனைப் பதிந்துவிட்டு ஒரு நாளும் ஓடாதவரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். இருவருக்கும் பூஜ்யம்.

இது தெரியாமல் செய்யப்பட்ட தவறு அல்ல. எண்ணிக்கை போய்விடுமே என்ற பயத்தில் நீங்கள் தினமும் அப்ளிகேஷனைத் திறக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைக்கிறார்கள். ஆனால் இந்த பயம் அளவு மீறினால் ஆட்கள் மொத்தமாக ஓடிவிடுவார்கள் என்பதும் நிறுவனங்களுக்குத் தெரியும். மொழி கற்றுத் தரும் டுவோலிங்கோ, ஒரு நாள் விட்டாலும் எண்ணிக்கை அழியாமல் இருக்க ஒரு வசதியை வைத்திருக்கிறது. 2015-ல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் வாட்சில் தினசரி வளையங்களை நிறைவு செய்ய வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் விடாது. அந்த வளையங்களை ஒரு நாளோ ஒரு வாரமோ நிறுத்தி வைக்கும் வசதி 2024-ல்தான் தரப்பட்டது. மனிதனுக்கு லீவு வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள 9 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

விடாமல் ஓடியவர்களே உலகில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். 1970-ல் பாஸ்டன் மாரத்தானை வென்ற இங்கிலாந்து வீரர் ரான் ஹில், 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை 52 ஆண்டுகள் ஒரு நாள் கூட விடாமல் ஓடினார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி எளிதானது. எந்த வேகத்திலாவது குறைந்தது ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர், ஓடிவிட்டால் அன்றைய கணக்கு சரி. இந்த விதிப்படி, காலில் அறுவை சிகிச்சை நடந்த நாட்களில் ஊன்றுகோலுடன் கூடச் சென்று வந்தார். அமெரிக்காவில் ரன்னர்ஸ் வேர்ல்ட் பத்திரிகையும் இதே ஒரு மைல் கணக்கை வைத்து, நவம்பர் கடைசியில் வரும் அவர்களுடைய நன்றியறிதல் திருநாள் முதல் ஜனவரி 1 வரை தினமும் ஓடும்படி வாசகர்களை அழைக்கிறது. விருந்துகள் நிறைந்த நாட்கள் என்பதால் அளவைச் சிறியதாக வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு மைல் என்ற அந்தச் சிறிய அளவு. பிடிக்காதது ஊன்றுகோல். அறுவை சிகிச்சை முடிந்த காலுடன் சாலைக்குப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் விட்டால் பழக்கம் கெட்டுவிடுமா? லண்டன் பல்கலைக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவினரும் 96 பேரை வைத்து ஆராய்ந்து, 2010-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் அளவிற்குப் படிய, சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாட்கள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை இத்துடன் மறந்துவிடலாம்.

உடலின் கணக்கும் இரக்கமானதுதான். நன்கு பயிற்சி பெற்றவர்கள் முற்றிலும் நிறுத்திவிட்டால், முதல் 3 வாரத்தில் உடல் உச்சமாக உள்வாங்கும் ஆக்ஸிஜன் அளவு சுமார் 7 சதவீதம் குறைகிறது என்று 1984-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மூன்று வாரத்திற்கே 7 தான். குறைத்துக்கொண்டால்? 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், வாரம் 6 நாள், தினம் 40 நிமிடம் பயிற்சி பெற்றவர்களின் அளவைக் குறைத்துப் பார்த்தார். வாரம் 2 நாளாகக் குறைத்தவர்களுக்கும், தினம் 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கும் அந்த ஆக்ஸிஜன் அளவு 15 வாரம் வரை ஏறக்குறைய அப்படியே இருந்தது. முயற்சியின் கடுமையைக் குறைத்தபோதுதான் இறங்கியது. தீபாவளியில் இருந்து பொங்கல் வரை எண்ணிப் பாருங்கள். 10 அல்லது 12 வாரம்தான் வரும்.

ஆக, அப்ளிகேஷன் போடும் பூஜ்யம் உங்கள் காலிலும் இல்லை, நுரையீரலிலும் இல்லை. திரையில் மட்டும்தான் இருக்கிறது.

இதற்கு மாற்று என்ன என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. அவர் போடியில் ஒரு ஏலக்காய் கமிஷன் கடையில் பல வருடம் கணக்கு எழுதியவர். ஏலக்காய்க்குக் கம்ப்யூட்டர் திரையில் விலை கேட்கும் மின் ஏலம் போடிக்கு வந்து வெகு நாளாகியும், இவர் நாள்வழி, பேரேடு என்று நோட்டை விடவில்லை. 2024-ல் தங்கை வற்புறுத்தி வீட்டிற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாள். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்ததால், அதையே எழுதிப் பழகட்டும் என்று எக்ஸெல்லில் ஒரு தாள் போட்டுக் கொடுத்தேன். என் பூஜ்யத்தின் கதையையும் சொன்னேன். மொபெட் கதையை மட்டும் சொல்லவில்லை.

"ஏன்டா, யாவாரம் இல்லாத நாளுக்கும் தேதி போட்டு 'இல்லை'ன்னு எழுதுவோம்ல. ஒரு நாள் யாவாரம் இல்லைன்னு நோட்டைக் கிழிச்சுப் போட்டு முதல்ல இருந்தா எழுதுவான்?" என்றார்.

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. ஸ்ட்ரீக் கவுண்டரில் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. நாள்வழியில் எல்லா நாளும் இருக்கின்றன. பண்டிகைக் காலத்திற்கு நமக்கு வேண்டியது நாள்வழி. இதற்குப் பணம் கட்டி எந்தப் புரோகிராமும் வாங்க வேண்டாம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிப் பதியலாம்.

புதிய தாள் ஒன்றைத் திறந்து முதல் வரிசையில் தேதி, நிமிடம், குறிப்பு என மூன்று தலைப்புகளை டைப் செய்திடுங்கள். தேதிக்குக் கீழே முதல் தேதியை மட்டும் டைப் செய்து, அந்த செல்லின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். அடுத்தடுத்த தேதிகள் தாமாகவே நிரம்பும். கிலோமீட்டருக்குப் பதில் நிமிடம் ஏன் என்றால், நிமிடத்திற்கு ஜி.பி.எஸ். தேவையில்லை, கைக்கடிகாரம் போதும். ஓடாத நாளில் நிமிடத்தில் 0 போட்டு, குறிப்பில் காரணத்தை எழுதுங்கள். காரணம் முக்கியம். வாரக் கடைசியில் 7 நாள் நிமிடங்களையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால், விண்டோவின் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத் தொகை தெரியும். பார்முலா எதுவும் எழுத வேண்டாம். பைலைச் சேமிக்க மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் பண்டிகை வரும் முன்பே முடிவு செய்திட வேண்டும். கூட்ட நாளில் உங்களுடைய மிகச் சிறிய ஓட்டம் எது? எனக்கு 12 நிமிடம். அன்றைக்குக் காலையில் யோசித்தால் 12 நிமிடமும் பெரிதாகத் தெரியும். அதனால் முன்பே எழுதி வைத்துவிடுவது நல்லது.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்திய பிறகு, எங்கள் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது 2023 ஜூன் 15 அன்று. சென்னையில் இருந்து வாரம் மூன்று நாள். எப்படியோ டிக்கெட் கிடைத்து, திங்கள் இரவு ஏறி, செவ்வாய் காலை இறங்கினேன். செவ்வாய்: 0, பயணம். புதன்: 25 நிமிடம்.

தீபாவளி அன்று 5:20-க்குக் கிளம்பினேன். அரசு பட்டாசு வெடிக்க அனுமதித்திருந்த நேரம் காலையில் 6 முதல் 7 வரை. ஊரில் கடிகாரம் பார்த்து வெடிப்பவர்கள் குறைவு என்றாலும், அந்த நேரத்தில் புகை அவ்வளவாக இல்லை. மற்ற நாட்களில் இதே நேரத்தில் ஓடுவது வேறு மாதிரி. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் காலம் இது. எங்கள் பக்கத்து ஊர்களில் இருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி கேரள எஸ்டேட்டுகளுக்குப் போகும் ஜீப்புகள், விடிவதற்கு முன்பே பறக்கும். சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் டார்ச்சுடன் ஓடுவேன். காதில் பாட்டு கூடாது. ஜீப் சத்தம் கேட்க வேண்டும் அல்லவா? தீபாவளி அன்று ஜீப் இல்லை. சாலை முழுவதும் எனக்கும் நாய்களுக்கும்தான். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய்கள் வேறு. 12 நிமிடத்தில் திரும்பிவிட்டேன்.

"எண்ணெய் ஆறுது, எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். 12 நிமிடம் என்பதால் திட்டும் 12 நிமிடத்தோடு முடிந்தது.

வெள்ளி: 0. தேவாரத்தில் அத்தை வீட்டு விருந்து, திரும்பும்போது நல்ல மழை. எங்கள் பகுதியில் ஐப்பசி மழை பெரும்பாலும் மாலையில்தான் பிடிக்கும்; காலையில் விட்டதை மாலையில் பிடிக்கலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. சனி: 35. ஞாயிறு: 15, இரவு ரயில். 6 நாளில் மொத்தம் 87 நிமிடம். வழக்கமான வாரத்தில் எனக்கு 150 வரும். ஆனால் ஓட்டம் போன்ற கடுமையான உடற்பயிற்சி வாரம் 75 நிமிடமாவது வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. பழைய கவுண்டர் அதே வாரத்தில் இரண்டு முறை என்னைப் பூஜ்யமாக்கியிருக்கும்.

இது சோம்பேறிகளுக்குச் சாக்கு ஆகிவிடாதா என்று அலுவலகத்தில் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிக் கொண்டிருந்தார். நியாயமான கேள்விதான். முழு மாரத்தான் 42 கிலோமீட்டருக்கும் மேல். அதற்கு நவம்பர், டிசம்பர் மாதங்களின் நீண்ட ஓட்டங்களை 12 நிமிடமாகச் சுருக்க முடியாது. அவர் விருந்தைத்தான் சுருக்க வேண்டும். நான் பேசுவது போட்டிக்கு ஓடாமல், டாக்டரின் ரிப்போர்ட்டுக்காக ஓடும் என்னைப் போன்றவர்களைப் பற்றி. சாக்கைப் பொறுத்தவரை, அதையும் நாள்வழியே காட்டிக்கொடுக்கும். குறிப்பில் தொடர்ந்து நான்கு நாள் "வேலை" என்று எழுதினால், ஐந்தாவது நாள் எழுதக் கை கூசும். சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் மட்டும், வெறும் வயிற்றில் ஓடலாமா என்று தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்கவும். பையில் ஒரு மிட்டாயும் இருக்கட்டும்.

அப்ளிகேஷனே வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓடும் பாதையை ஊருக்கே காட்டும் வசதி பலவற்றில் உண்டு. ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் வெளியிட்ட உலக ஓட்ட வரைபடத்தில், வெளிநாடுகளில் இருந்த ராணுவ முகாம்களின் உருவமே ஒளிர்ந்தது. 2018 ஜனவரியில் இது பெரிய செய்தியானது. முகாமையே காட்டிக்கொடுத்தது உங்கள் வீட்டைக் காட்டாதா? தினமும் வேளச்சேரியில் தொடங்கிய கோடு திடீரென நாலு நாள் சிலமலையில் தொடங்கினால், அங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். செட்டிங்ஸ் பிரிவில் சென்று, உங்கள் ஓட்டங்களை நீங்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிடுங்கள். தொடங்கும் இடத்தை மறைக்கும் வசதி இருந்தால் அதனையும் தேர்ந்தெடுங்கள்.

அப்பாவின் தாளை அந்த வருடம் கார்த்திகைக்கு வந்தபோது திறந்து பார்த்தேன். குறிப்புப் பகுதியில் நான் நினைத்ததைவிட அதிகமாக எழுதியிருந்தார். "மழை. போகவில்லை." "செருப்பு அறுந்தது. 9 நிமிடம்." "லட்டு இரண்டு சாப்பிட்டேன். 31 நிமிடம்." ஒரு நாள் மட்டும் "மனசு இல்லை" என்று இருந்தது. அதற்கு நேராக 0 போட்டு, மறுநாள் 20 என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் பார்த்த பிறகு என் மொபெட் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பெட்ரோல் கணக்கு அப்போதே இடித்தது என்றார்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் போன் வந்தது. "டேய், தேதிய அந்த மூலையில பிடிச்சு இழுத்தா எது வரைக்கும் போகும்?"

எக்ஸெல்லில் 9999-ம் ஆண்டு டிசம்பர் 31 வரை தேதி உண்டு என்றேன். சற்று நேரம் சத்தம் இல்லை. மவுஸ் கிளிக் ஆகும் ஒலி மட்டும் கேட்டது. பொங்கல் வரைக்கும் இழுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.